இமை மூடும் நேரம்

1971 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இங்கிலாந்து அணி இரண்டாவது இன்னிங்ஸில் 101 ரன்னுக்குச் சுருண்டது. ஆறு விக்கெட் எடுத்த சந்திரசேகரை நாடே கொண்டாடியது, நியாயம்தான். நமக்கு வேண்டியது அந்த இன்னிங்ஸின் வேறொரு விக்கெட். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த வெங்கட்ராகவன் ஆஃப் ஸ்பின் போட, ஆலன் நாட் தடுத்து ஆட, பந்து மட்டையில் பட்டு ஷார்ட் லெக் பக்கம் தாழ்வாக எழுந்தது. அங்கே குந்தியிருந்த ஏக்நாத் சோல்கர் உடம்பை அப்படியே முன்னால் வீசி, தரையை ஒட்டிப் பந்தைப் பிடித்தார்.

சோல்கர் பம்பாய்க்காரர். அப்பா இந்து ஜிம்கானா மைதானத்தின் பராமரிப்பாளர். மைதானத்துக்குள்ளேயே குடித்தனம், அங்கேயே வளர்ந்த பிள்ளை. 27 டெஸ்ட் ஆடி 53 கேட்ச் பிடித்தார், அதாவது ஒரு டெஸ்டுக்கு ஏறக்குறைய இரண்டு. விக்கெட் கீப்பர் அல்லாத ஒருவருக்கு இது அசாத்தியமான கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை மட்டைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்தவை. தலையில் ஹெல்மெட் கிடையாது.

அந்த இடத்தில் நிற்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் ‘தைரியம்’ என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இந்த அத்தியாயத்தில் நாம் நகரப் போவதில்லை. அந்தத் தைரியத்தை மில்லி நொடிகளாகப் பிரித்துப் பார்ப்போம்.

மட்டையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். பந்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய வேகம் இல்லை, ஒரு சாதாரண தட்டு. உங்களை வந்தடைய அதற்கு ஏறக்குறைய 100 மில்லி நொடி ஆகும். கண்ணால் கண்டு, மூளையில் முடிவெடுத்து, கையை அசைக்க மனிதருக்குக் குறைந்தது 200 மில்லி நொடி தேவை. ஆக, அந்தத் தூரத்தில் பந்தைப் ‘பார்த்துப் பிடிப்பது’ என்ற ஒன்று பெரும்பாலும் நடக்காது. கை முன்கூட்டியே அந்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும். பந்து வீசப்பட்ட விதம், பேட்ஸ்மனின் முன்கால், மட்டையின் கோணம் ஆகியவற்றிலிருந்து அடுத்தது என்ன என்று உடம்பு ஊகித்திருக்க வேண்டும்.

இன்னொரு கடிகாரமும் கூடவே ஓடுகிறது. திடீர்ச் சத்தம் கேட்டால் மனிதரின் இமை ஏறக்குறைய 40 மில்லி நொடியில் மூடத் தொடங்கிவிடும். மூடித் திறக்க மேலும் 100 மில்லி நொடிக்கு மேல் ஆகும். ஷார்ட் லெக்கில் இமைத்தவனுக்குப் பந்து தெரியாது. நெஞ்சில் பட்ட பிறகுதான் தெரியும். கையை அசைக்கும் முடிவுக்கு 200, இமைக்கு 40. முதல் ஓட்டத்தில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை.

இந்தத் திடுக்கிடலை முதன்முதலில் முறையாகப் படம் பிடித்தவர்கள் கார்னி லாண்டிஸ், வில்லியம் ஹன்ட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். ஆட்களை நிற்கவைத்து, பின்னால் துப்பாக்கியை வெடித்து, அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். 1939இல் புத்தகமாக வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான்: முதலில் இமை மூடும், அடுத்துத் தலை முன்னால் குனியும், தோள் மேலே ஏறும், முழங்கை மடங்கும், வயிறு உள்வாங்கும், முழங்கால் வளையும். கழுத்து, கண், அடிவயிறு என்று உயிர்நிலைகளை மறைக்கும் ஒரு சுருக்கம். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகிய போலீஸ்காரர்களையும் நிறுத்திப் பார்த்தார்கள். கை கால் அடங்கியது, இமை அடங்கவில்லை.

அதற்கு வெகு முன்பே டார்வின் தன்னையே சோதித்துப் பார்த்திருக்கிறார். லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் ஆப்பிரிக்க விரியன் ஒன்று தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, பாம்பு சீறினாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். சீறியது. உறுதி எங்கே போனதென்று தெரியாமல் ஓரிரு கெஜம் பின்னால் தாவினார். உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பற்றிய 1872ஆம் ஆண்டு நூலில் இதைக் கூச்சமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார். பாம்புக்கடியை அனுபவித்தே அறியாத ஒருவருடைய அறிவும் உறுதியும் ஒன்றுமில்லாமல் போனதைத்தான் அவர் வியந்தார்.

காரணம் பாதையின் நீளத்தில் இருக்கிறது. சத்தத்தால் வரும் திடுக்கிடலை எடுத்துக்கொண்டால், காதிலிருந்து கிளம்பும் செய்தி மூளைத் தண்டின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தைத் தொட்டுவிட்டு நேராகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. நடுவில் இரண்டு மூன்று இணைப்புகள்தான். சிந்திக்கும் மேல்மூளைக்குச் செய்தி போய்ச் சேரும்போது கழுத்து ஏற்கெனவே குனிந்திருக்கும். கண்ணால் காணும் ஆபத்துக்கு இமைப்பது சற்றே வேறு கதை. முகத்தை நோக்கி எதையாவது வேகமாகக் கொண்டுபோனால் பிறந்த குழந்தை இமைக்காது; இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் அந்த வழக்கம் மெல்ல வருகிறது. அதில் கற்றலின் பங்கு உண்டு. கற்றதை ஓரளவு திருத்தவும் முடியும் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

எவ்வளவு திருத்தலாம்? 2012இல் பெர்க்லியைச் சேர்ந்த ராபர்ட் லெவன்சனும் முகபாவ ஆய்வாளர் பால் எக்மனும் ஒரு பௌத்தத் துறவியின் காதில் பெருஞ்சத்தத்தை வெடிக்கச் செய்து சோதித்த முடிவை வெளியிட்டார்கள். மாத்தியூ ரிகார், பல்லாண்டு தியானம் பழகியவர். ஒருவகைத் தியானத்தில் அவருடைய திடுக்கிடல் நன்றாகக் குறைந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை. இமயமலைக்குப் போய் வந்தவருக்கே இப்படி என்றால், தாதரிலிருந்து லோக்கல் ரயிலில் கிட் பேக்கோடு தொங்கிக்கொண்டு வரும் பையனிடம் ‘பயப்படாதே’ என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்போது பேட்ஸ்மனுக்கு வருவோம்.

பிட்ச்சின் நீளம் 20.12 மீட்டர். பந்து கையை விட்டுப் புறப்படும் இடத்துக்கும் மட்டைக்கும் உள்ள தூரம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து ஏறக்குறைய அரை நொடியில் வந்துவிடும். 1987இல் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் மெக்லியாட் ஒரு குறும்பு செய்தார். விரிப்புக்கு அடியில் மரக்கழிகளை வைத்து, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாதபடி ஆக்கிவிட்டு, இங்கிலாந்துக்கு ஆடிய பேட்ஸ்மன்களை ஆடச் சொன்னார். பந்து எதிர்பாராமல் திரும்பினால் அதற்கேற்ப மட்டையை மாற்ற அவர்களுக்கும் ஏறக்குறைய 200 மில்லி நொடி பிடித்தது. உங்களுக்கும் எனக்கும் ஆகும் அதே நேரம். ‘ரிஃப்ளெக்ஸ் பிரமாதம்’ என்று வர்ணனையாளர்கள் சொல்வதற்கு ஆய்வுக்கூடத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நல்ல லெங்த்தில் விழும் பந்து பேட்ஸ்மனுக்கு நான்கைந்து மீட்டர் முன்னால் தரையில் படும். பிறகு அவருக்குக் கிடைப்பது 150 மில்லி நொடிக்குச் சற்று முன்னே பின்னே. பவுன்சர் ஒன்பது மீட்டர் தள்ளிப் பட்டால், தரையில் பட்டபின் அவருக்கு ஏறக்குறைய 300 மில்லி நொடி இருக்கிறது. இரண்டில் அதிக அவகாசம் தருவது பவுன்சர்தான்! ஆனால் குலைநடுங்க வைப்பதும் அதுதான். அது முகத்தை நோக்கி வருகிறது. வரும் பொருளின் பிம்பம் கண்ணுக்குள் விரிந்துகொண்டே போகிறது. விரியும் பிம்பத்துக்கு ஒதுங்குவது வெட்டுக்கிளி முதல் குரங்கு வரை எல்லா உயிருக்கும் பழக்கம். எலியின் தலைக்கு மேலே திரையில் ஒரு கரும்புள்ளியை விரியச் செய்தால் ஓடி ஒளிந்துகொள்ளும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும்.

லாண்டிஸும் ஹன்ட்டும் வரைந்த அந்தச் சுருக்கத்தை இப்போது பேட்ஸ்மன்மேல் போட்டுப் பாருங்கள். இமை மூடுகிறது, தலை குனிகிறது, தோள் ஏறுகிறது, முழங்கை மடங்குகிறது. மடங்கிய முழங்கையோடு மட்டையும் மார்புக்கு மேலே வந்துவிடும். பந்து கையுறையில் பட்டு மெதுவாக எழும்பும். எங்கே போகும்? ஷார்ட் லெக்குக்கு. அந்த ஆளை அங்கே நிறுத்துவதே அதற்குத்தான். தன் திடுக்கிடலை அடக்கிக்கொண்டு எதிராளியின் திடுக்கிடலுக்காகக் காத்திருப்பது என்பது விசித்திரமான உத்தியோகம்.

அப்படியானால் திடுக்கிடாத பேட்ஸ்மன் நேரத்தை எங்கிருந்து சம்பாதிக்கிறான்? பந்து கையை விடும் முன்பிருந்து. பந்து வீசுபவரின் கை வரும் காட்சியை மட்டும் காட்டிவிட்டுப் படத்தை நிறுத்திவிட்டால்கூட, என்ன பந்து வரும் என்பதைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாக ஊகிப்பதை ப்ரூஸ் அபர்னதி, ஷான் முல்லர் போன்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மெக்லியாடும் மைக்கேல் லாண்டும் 2000இல் பேட்ஸ்மன் தலையில் சிறு கேமராவைக் கட்டி, கண் எங்கே பார்க்கிறது என்று பதிவு செய்தார்கள். ‘பந்தையே பார்’ என்று எல்லாக் கோச்சும் கத்துவார்கள். யாரும் பார்ப்பதில்லை. பந்து புறப்படுவதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, அது தரையில் படப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிவிடுகிறது. அங்கே போய்க் காத்திருந்து, பட்டபின் மறுபடி பிடித்துக்கொள்கிறது. சிறந்த ஆட்டக்காரரின் கண் சீக்கிரம் தாவியது, சுமாரானவருடையது தாமதமாக. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த முதல் கணம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நாரி கான்ட்ராக்டர் சாட்சி. 1962 மார்ச்சில் இந்திய அணித்தலைவராக பார்படாஸில் ஆடும்போது சார்லி க்ரிஃபித்தின் பந்து அவர் மண்டையை உடைத்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் ஃப்ராங்க் வோரல் உட்படப் பலர் ரத்தம் கொடுத்தார்கள். பந்து கையை விடும் நேரத்தில் பின்னால் பெவிலியனில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்தார்கள், கவனம் அங்கே போனது என்று கான்ட்ராக்டர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்போது அங்கே சைட் ஸ்க்ரீன் கிடையாது. ஒரு ஜன்னல் கதவு நூறு மில்லி நொடியைத் தின்றிருக்கும். மற்றதைப் பந்து பார்த்துக்கொண்டது. பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவர் மண்டையில் உலோகத் தகடு பொருத்தப்பட்டது. அறுபது ஆண்டுகள் தலையில் இருந்த அந்தத் தகட்டை 2022இல் மும்பையில்தான் எடுத்தார்கள். 1962இல் பட்ட அந்த அடியோடு அவருடைய டெஸ்ட் ஆட்டம் முடிந்தது. ஆனால் மனிதர் முதல்தர ஆட்டத்துக்குத் திரும்பி வந்து பல ஆண்டுகள் ஆடினார்.

அப்படித் திரும்பி வந்து முதல் பவுன்சரை எதிர்கொள்ளும் ஒருவரின் மூளையில் நடப்பதை ஓரளவு சொல்ல முடியும். 1951இல் அமெரிக்காவில் ப்ரௌன், காலிஷ், ஃபார்பர் என்ற மூவர் எலிகளுக்கு ஓர் அடையாளத்தைக் காட்டி ஷாக் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு ஷாக் இல்லாமல் அடையாளத்தை மட்டும் காட்டி, கூடவே ஒரு பெருஞ்சத்தம் எழுப்பினார்கள். அடையாளம் இருந்தபோது எலி அதிகமாகத் துள்ளியது. மைக்கேல் டேவிஸ் பின்னாளில் அதன் நரம்பு வழியைத் தேடிப் பிடித்தார். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதியிலிருந்து மூளைத் தண்டின் திடுக்கிடல் மையத்துக்கு இணைப்பு இருக்கிறது. பயம் வந்தால் அந்த மையம் முறுக்கேறி நிற்கும். திடுக்கிடல் புதிதாகப் பிறப்பதில்லை, எல்லோரிடமும் இருக்கும் ஒன்றின் அளவு கூடுகிறது. அமெரிக்க மனநல ஆய்வு நிறுவனத்தில் கிறிஸ்டியன் க்ரியோன் இதோடு இன்னொன்றைச் சேர்த்தார். ஷாக் எப்போது வரும் என்று தெரிந்தால், மனிதர்கள் அந்த நேரம் மட்டும் முறுக்கேறி நின்று பிறகு தளர்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றால் இடைவெளியிலும் தளர்வதில்லை. ஒவ்வொரு ஓவரிலும் பவுன்சர் போடுபவரைவிட, எப்போது போடுவார் என்று தெரியாதவர் ஏன் ஆபத்தானவர் என்பதற்கு இது பாதி விடை.

2007இல் லண்டனில் டீன் மாப்ஸ் குழு ஒரு கணினி விளையாட்டை உருவாக்கியது. ஒரு வேட்டை மிருகம் உங்களைத் துரத்தும். பிடிபட்டால் கையில் நிஜ ஷாக். மிருகம் தொலைவில் இருக்கும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள திட்டமிடும் பகுதி வேலை செய்தது. அது நெருங்க நெருங்க, வேலை நடுமூளையின் பழைய பகுதிக்குக் கைமாறியது. இதைக் கிரிக்கெட்டோடு பொருத்துவது என் ஊகம், ஆய்வு முடிவு இல்லை: பந்து வீசுபவர் முப்பது கெஜம் தள்ளி நடந்துகொண்டிருக்கும்போதுதான் பேட்ஸ்மன் தன் முடிவுகளை எடுத்து முடிக்க வேண்டும். கை மேலே போனபின் ஆலோசிக்க வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஹெல்மெட் அணியாமல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் பதின்மூன்று சதம் அடித்த கவாஸ்கரும், அவருக்கு முந்தியவர்களும் இதையெல்லாம் எந்த ஆய்வுக்கூடத்தில் படித்தார்கள்? மும்பையின் ஆடுகளங்களில்தான். அதில் பாதி திட்டமிட்டதே இல்லை. ஆசாத் மைதானில் 22 பிட்ச்கள். ஒரு ஆட்டத்தின் கவர் ஃபீல்டர் இன்னொரு ஆட்டத்தின் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் நிற்பார். எங்கிருந்தோ பந்து வரும், யாரோ கத்துவார்கள், குனிந்துகொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். 1948இல் தொடங்கிய காங்கா லீக்கை வேண்டுமென்றே மழைக்காலத்தில் நடத்துகிறார்கள். பிட்ச்சை மூட மாட்டார்கள். மாட்டுங்காவின் தட்கர் மைதானில் ஜூலை மழையில் ஊறிய தரையில் ஒரு பந்து கணுக்காலுக்கு உருளும், அடுத்தது அதே இடத்தில் பட்டு மூக்குக்கு எழும்பும். ரன் எடுப்பது கஷ்டம். முப்பது அடித்தால் வேறெங்கோ அடித்த சதத்துக்குச் சமம் என்பார்கள். அப்படி ஆடி வந்தவனின் பிடிவாதத்துக்கு மும்பையில் ‘கடூஸ்’ என்று பெயர். பாராட்டாகச் சொல்வார்கள்.

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் நடப்பது இன்னொரு பள்ளிக்கூடம். திருநெல்வேலிப் பேச்சும் மராத்தியும் கலந்த அந்தச் சந்துகளில் இரண்டு சுவருக்கு நடுவே ஆட்டம். சுவரில் பட்டுத் திரும்பும் பந்து எந்தப் பக்கத்திலிருந்தும் முகத்துக்கு வரும். டென்னிஸ் பந்து என்பதால் பட்டாலும் சுள்ளென்று வலித்து அடங்கிவிடும். இந்தக் கடைசி விவரம் முக்கியம். எரிக் கண்டெல் கடல் முயல் என்ற கடல் நத்தையை வைத்துச் செய்த ஆய்வுக்காக 2000இல் நோபல் பரிசு பெற்றார். அதன் நீர்க்குழலை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால் இழுப்பது குறைந்துகொண்டே வரும்; ஒன்றும் ஆகாது என்று நரம்பே கற்றுக்கொள்கிறது. ஆனால் வாலில் ஒரு ஷாக் கொடுத்துவிட்டுத் தொட்டால் முன்னைவிட வேகமாக இழுக்கும். ஒரு ஷாக்கின் விளைவு நிமிடக் கணக்கில் நிற்கும், பல ஷாக் கொடுத்தால் நாட்கணக்கில். இருபதாயிரம் நரம்பணு உள்ள பிராணியின் கணக்கு இது.

ஆகவே பையனை முதல் நாளே கல் போன்ற பந்தால் அடித்து ‘பயம் தெளிவிக்கும்’ கோச் என்ன செய்கிறார் என்று யோசியுங்கள். வாலில் ஷாக் கொடுக்கிறார். வலிக்காத பந்தில் ஆயிரம் முறை முகத்துக்கு நேராக வரவைப்பவர் மற்ற வேலையைச் செய்கிறார். ஈர டென்னிஸ் பந்தைச் சிமெண்ட் தரையில் எறிந்து எழுப்பிப் பழகும் வழக்கம் நம் நாட்டில் பழையது. இப்போது சைட் ஆர்ம் என்ற கைப்பிடிக் கருவியால் பக்கத்திலிருந்து வேகமாக எறிகிறார்கள். அடிபட்டால்தான் ஆம்பளை என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை, கடல் முயலுக்கும் இல்லை.

பழகியது நிரந்தரமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பயத்தை அழிப்பது என்று ஒன்று மூளையில் நடப்பதாகத் தெரியவில்லை. பழைய பயம் அப்படியே இருக்க, அதன்மேல் ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற புதிய நினைவு ஏறி உட்காருகிறது. 2002இல் பியூர்டோ ரிகோவில் மிலாத், குவர்க் இருவரும் எலிகளின் முன்மூளையில் அந்தப் புதிய நினைவின் மின்துடிப்பையே பதிவு செய்தார்கள். வெர்மான்ட்டில் மார்க் பௌட்டன் காட்டியது இன்னும் சங்கடமானது. புதிய நினைவு, அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கூண்டில் பயந்து, வேறொரு கூண்டில் பயம் தெளிந்த எலியைப் பழைய கூண்டில் விட்டால் மறுபடி நடுங்கும். புதிதாக ஒரு மூன்றாவது கூண்டில் விட்டாலும் பயம் திரும்பக்கூடும். பயம் எங்கும் கூட வருகிறது, தெளிவுக்கு மட்டும் ஊர்ப்பற்று அதிகம்.

ஸ்ரேயஸ் ஐயரை இந்த இடத்தில் கொண்டுவருவது அவரைக் குறை சொல்ல அல்ல. செம்பூரில் பிறந்து, மாட்டுங்காவின் டான் போஸ்கோ பள்ளியிலும் போதார் கல்லூரியிலும் படித்து, ப்ரவீன் ஆம்ரேவிடம் பயின்று, 2021 நவம்பரில் கான்பூரில் தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தவர். ‘ஷார்ட் பால் வந்தால் தடுமாறுவார்’ என்ற முத்திரை அவர்மேல் விழுந்து பல வருஷம் ஆகிறது. 2022 ஜூலையில் பர்மிங்ஹாமில் இங்கிலாந்து அவருக்கென்றே வலை விரித்தது. ஷார்ட்டாகப் போடச் சொல்லி கோச் மெக்கல்லம் பால்கனியிலிருந்து ஜாடை காட்டியதைக் கேமராக்கள் உலகத்துக்கே காட்டின. 19 ரன்னில் பாட்ஸின் பந்தைத் தூக்கி அடித்து ஆண்டர்சனிடம் கேட்ச் கொடுத்தார்.

அந்தக் காட்சியைப் பலமுறை ஓட்டிப் பார்த்தவர்கள் ‘பயந்துவிட்டார்’ என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லாண்டிஸ் வரைந்த சுருக்கம் அங்கே இல்லை. அவர் குனியவில்லை, ஒதுங்கவில்லை. அடித்தார். திடுக்கிடலுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் வேறொன்று அது. 2006இல் அட்லாண்டாவில் க்ரெகரி பெர்ன்ஸ் ஆட்களின் காலில் ஷாக் பொருத்திவிட்டு ஒரு தேர்வு கொடுத்தார்: கடுமையான ஷாக் உடனே வேண்டுமா, குறைவான ஷாக் கொஞ்சம் காத்திருந்து வேண்டுமா? கணிசமானவர்கள் அதிக வலியை உடனே வாங்கிக்கொண்டார்கள். காத்திருப்பது அவர்களுக்கு வலியைவிடப் பெரிய வலி. அடுத்தடுத்து ஷார்ட்டாக வரும் பந்துகளுக்கு நடுவே நிற்பவனுக்கு ஒரு புல் ஷாட் தரும் விடுதலையும் இதே ஜாதி என்று நினைக்கிறேன். பந்தைக் குனிந்து விட்டுவிட்டால் அடுத்ததற்கும் காத்திருக்க வேண்டும். அடித்துவிட்டால் ஏதோ ஒன்று முடிந்துவிடும்.

சும்மா இருப்பதற்கு உடம்பு எவ்வளவு மறுக்கிறது என்பதை 2007இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கால்பந்தில் எண்ணிக் காட்டினார்கள். 286 பெனால்டி உதைகளைப் பார்த்தார்கள். பந்து நடுவிலும் கணிசமாக வருவதால் நடுவில் நின்றாலே தடுக்கும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் கோல்கீப்பர்கள் 93.7 விழுக்காடு உதைகளுக்கு ஏதோ ஒரு பக்கம் பாய்ந்தார்கள். பாய்ந்து தோற்றால் முயன்றார் என்பார்கள், நின்று தோற்றால் தூங்கினார் என்பார்கள். கூட்டத்தின் கண்ணுக்கு நிதானம் சோம்பலாகத் தெரிகிறது.

2023 உலகக் கோப்பையில் லக்னோவில் இங்கிலாந்துக்கு எதிராக வோக்ஸின் ஷார்ட் பாலில் 4 ரன்னில் போனார் ஐயர். பழைய முத்திரை மறுபடி வெளியே வந்தது. சில நாளில் வான்கடேயில் இலங்கைக்கு எதிராக 56 பந்தில் 82 அடித்தார். அன்றும் நிருபர்கள் ஷார்ட் பால் பற்றிக் கேட்டார்கள், அவர் எரிச்சல்பட்டார். எரிச்சல் நியாயமே, எல்லா பேட்ஸ்மனும் ஏதோ ஒரு பந்தில்தான் அவுட் ஆகிறார்கள். நவம்பர் 15 அரையிறுதியில் அதே வான்கடேயில் நியூஸிலாந்துக்கு எதிராக 70 பந்தில் 105, எட்டு சிக்ஸர். 2025 பிப்ரவரியில் நாக்பூரில் ஜோஃப்ரா ஆர்ச்சரை அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர் அடித்து, 36 பந்தில் 59 எடுத்தார். அடுத்த மாதம் முடிந்த சாம்பியன்ஸ் டிராஃபியில் இந்தியாவின் அதிக ரன் அவருடையதுதான், 243. இடையில் நிற்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டிருந்தார். சிறுவயதில் நின்றதுபோல நிமிர்ந்து நிற்கத் தொடங்கினார். நிமிர்ந்தால் தலை அசையாமல் இருப்பது எளிது. உயர்ந்து வரும் பந்தைச் சந்திக்க உடம்பு கீழிருந்து எழ வேண்டியதில்லை. சம்பாதித்தது சில பத்து மில்லி நொடியாகத்தான் இருக்கும்.

இதைப் பயத்தை வென்ற கதையாக எழுதிவிடலாம், பத்திரிகைகள் எழுதவும் செய்தன. எனக்கு அதில் தயக்கம் உண்டு, பௌட்டனின் எலிகளால். வான்கடேயும் நாக்பூரும் ஒரு கூண்டு, பர்மிங்ஹாம் இன்னொன்று. சீதோஷ்ணமும் பிட்ச்சும் மட்டும் மாறவில்லை, பயத்தின் விலையும் மாறுகிறது. ஒருநாள் ஆட்டத்தில் 11ஆவது ஓவரிலிருந்து 40 வரை உள்வட்டத்துக்கு வெளியே நான்கு பேருக்கு மேல் நிற்க முடியாது. தூக்கி அடித்த புல் ஷாட் காலியிடத்தில் விழ வாய்ப்பு அதிகம், காத்திருக்காமல் அடிக்கத் துடிக்கும் மனசுக்கு அங்கே பரிசுகூடக் கிடைக்கும். டெஸ்டில் எல்லைக்கோட்டில் எத்தனை பேரை வேண்டுமானாலும் நிறுத்தலாம். பர்மிங்ஹாமில் விரித்த வலை அதுதான். அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு, லெக் பக்கம் ஸ்கொயருக்குப் பின்னால் இரண்டு ஃபீல்டருக்கு மேல் கூடாது என்பது. 1932–33இல் ஆஸ்திரேலியாவில் இங்கிலாந்து பிராட்மனின் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசி, லெக் பக்கம் ஆட்களைக் குவித்து நிறுத்திய பாடிலைன் தொடருக்குப் பிறகு, அந்த விதியைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றவே 1957 வரை ஆனது.